மணி நகையும் கழுத்துத் துணியும்: தேக்கா முதல் ஜூ சியாட் வரை ஒரு மதிப்பீடு

மணி மாலை அறுந்து தரையெல்லாம் சிதறினால், அறுந்த இடம் எது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கொக்கியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். மணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அரிக்கமேட்டில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த கண்ணாடி மணிகளே இன்னும் நிறத்தோடு இருக்கின்றன. தோற்றுப்போவது நூலும் முடிச்சும் கொக்கியும்தான். ஆனால் கடை மேசைமுன் நின்றால் நம் கண் போவது நிறத்துக்கு. விற்பவரும் அதைத்தான் முன்னால் வைக்கிறார்.

ஸ்கார்ஃபிலும் இதே கதைதான். அச்சைப் பார்த்து வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து தோட்டோடு போட்டால் தோட்டின் கொக்கி துணியை இழுக்கிறது, அல்லது துணி வழுக்கி மாலையை மறைத்துவிடுகிறது. மணி நகையையும் ஸ்கார்ஃபையும் தனித்தனியாக மதிப்பிட்டுப் பயனில்லை. ஒன்றன் நெசவு மற்றதன் கொக்கிக்கு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூரில் எளிதாகக் கிடைக்கும் வகைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்: லிட்டில் இந்தியாவின் தீபாவளிச் சந்தை, ஹாஜி லேன், வார இறுதிக் கைவினைச் சந்தைகள், அராப் ஸ்ட்ரீட் துணிக்கடைகள், ஜூ சியாட் காம்ப்ளெக்ஸ், தேக்கா நிலையத்தின் மாடி. கடைப் பெயர் சொல்லப்போவதில்லை. சந்தை மேசைக்காரர் இந்த வாரம் இருப்பார், அடுத்த வாரம் இருக்கமாட்டார். வேலைப்பாட்டைப் படிக்கத் தெரிந்தால் எந்த மேசையிலும் அது உதவும்.

தொங்கு தோடு: முதலில் இதை வாங்குங்கள்

மேலே முக்கோணமாகவோ சாய்சதுரமாகவோ, சுவரில் செங்கல் அடுக்குவதுபோல் மணிகளைத் தைத்து, கீழே இழை இழையாகத் தொங்கவிட்ட தோடுகள்தான் எல்லா மேசைகளிலும் இருக்கின்றன. மணி நகைகளில் காசுக்கு மிக நல்ல பொருள் இதுவே என்பது எங்கள் முடிவு. வியர்வை அதிகம் படாது, யாரும் பிடித்து இழுக்கமாட்டார்கள், எடையும் குறைவு. ஒரு காதுக்கு 4 முதல் 6 கிராம் என்றால் நாள் முழுதும் போடலாம். 10 கிராமைத் தாண்டினால் மாலைக்குள் காது சொல்லிவிடும்.

மேல்பகுதி துணி நெய்ததுபோல் தட்டையாக இருக்க வேண்டும் என்றால், நறுக்கிய குழாய் போன்ற சமஅளவு மணிகள் தேவை. ஜப்பானின் மியூக்கி நிறுவனம் செய்யும் டெலிக்கா இந்த வகை. 11/0 அளவில் (முதல் எண் கூடக்கூட மணி சிறிதாகும்) குறுக்களவு 1.6 மி.மீ., நீளம் 1.3 மி.மீ., ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 200 மணிகள். சுவர் மெல்லியது, துளை பெரியது, அதனால் நூல் மூன்று நான்கு முறை போய்வர இடம் இருக்கும். செக் நாட்டு பிரெசியோசாவின் உருண்டை மணிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும். தொங்கும் இழைக்கு அந்த ஏற்றத்தாழ்வே உயிர். கோலம்போல் துல்லியமாக வர வேண்டிய தட்டைப் பகுதியில் அதே மணிகளைப் போட்டால் ஓரம் நெளியும்.

கையில் எடுத்ததும் நிறத்தை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள். கொக்கியைப் பிடித்துத் தொங்கவிட்டால், தட்டைப் பகுதியும் இழையும் சேரும் இடத்தில் நூல் வெளியே தெரிகிறதா? தெரிந்தால் தளர்வாகத் தைத்திருக்கிறார்கள், நாளடைவில் இன்னும் இறங்கும். இழைகள் விறைத்து வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருந்தால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். இரண்டில் விறைப்பே பெரிய குறை, ஏனென்றால் அதைச் சரிசெய்ய முடியாது. நல்ல இழை பட்டுக் குஞ்சம்போல் நெகிழ்ந்து ஆடும்.

இழையில் நீளக் குழாய் மணிகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றின் வெட்டுமுனை கண்ணாடித் துண்டுபோல் கூர்மையானது, ஆடும்போதெல்லாம் நூலை அறுக்கும். தொழில் தெரிந்தவர்கள் ஒவ்வொரு குழாய் மணியின் இரு முனையிலும் ஒரு சிறு உருண்டை மணியைக் கோர்த்து நூலைக் காப்பார்கள். அப்படி இல்லாத தோட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

நூல் என்ன என்று கேளுங்கள். நைலான் நூல் மென்மையானது, ஆனால் காலப்போக்கில் இழுபடும். பாலிஎத்திலீன் இழையான ஃபயர்லைன், 6 பவுண்டு இழுவலிமை அளவில், மணித் தோட்டுக்குச் சரியாகப் பொருந்தும். அது மீன்பிடிக்கச் செய்த நரம்பு. புகைச் சாம்பல் நிற வகையை வெள்ளை, வெளிர்மஞ்சள் மணிகளுக்குப் போட்டால் உள்ளிருந்து அழுக்காகத் தெரியும். வெளிர் மணிக்கு வெள்ளை நரம்பே வேண்டும்.

அடுத்தது இணைப்பு வளையம். வாய் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் நூலும் ஒருநாள் அந்த இடைவெளி வழியாக நழுவும். பற்றவைத்து மூடிய வளையமோ, வளையமே இல்லாமல் சிறு மணிகளால் பின்னிய கண்ணியோ இருந்தால் கவலையில்லை. காதுக் கொக்கி 316எல் எஃகா, டைட்டேனியமா என்று கேளுங்கள். 'தங்க முலாம்' என்று மட்டும் சொன்னால் அடியில் இருப்பது பித்தளையாக இருக்கலாம். நம் ஊர் வியர்வையில் முலாம் தேய்ந்ததும் பச்சை படியும். முலாமுக்கு அடியில் நிக்கல் இருந்தால் சிலருக்கு அரிப்பும் வரும்.

பொன்னிற, ரோஜாப்பொன் மணிகளில் ஒரு சிக்கல் உண்டு. அந்த உலோக மினுக்கு கண்ணாடிமேல் பூசியது. சாதாரணப் பூச்சு தேய்ந்து அடியில் இருக்கும் மங்கல் நிறம் தெரியும். மியூக்கியில் டியூராகோட், டோஹோவில் பர்மாஃபினிஷ் என்ற வரிசைகள் அதைவிட நன்றாக நிற்கும். மணியின் எண்ணைச் சொல்லத் தெரிந்த தயாரிப்பாளர் என்றால் பாதி நம்பிக்கை வந்துவிடும். டெலிக்கா மணிகளுக்கு டிபி என்று தொடங்கும் எண் உண்டு. தன் பொருளைத் தானே தைத்தவருக்கு அது நாக்கு நுனியில் இருக்கும்.

கைப்பட்டை: விலையை மணியால் எண்ணிப் பாருங்கள்

பெயோட்டி என்னும் தையலில் செய்த, அகலமான தட்டைக் கைப்பட்டைகளுக்கு விலை அதிகம். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 18 மணி அகலம் என்றால் ஏறக்குறைய 2.3 செ.மீ. 17 செ.மீ. நீளத்துக்கு நெடுகிலும் 106 மணிகள். மொத்தம் 1,900 மணிகள், 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பழகிய கை நிமிடத்துக்கு 5, 6 மணி கோர்த்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், கொக்கி வைக்கும் வேலை தனி. இதை 20 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து "நானே செய்தேன்" என்றால், ஒன்று அவர் தன் உழைப்புக்குக் கூலியே போட்டுக்கொள்ளவில்லை, அல்லது வேறெங்கோ மொத்தமாகச் செய்து வந்தது. மொத்தச் சரக்கு மோசம் என்று சொல்லவில்லை. கைவேலை விலை கொடுத்து அதை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பின்பக்கத்தைத் திருப்புங்கள். நூல் முனையை மணிகளுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி மறைத்திருந்தால் நல்ல வேலை. முனையில் கருகிய புள்ளி தெரிந்தால் நெருப்பு காட்டி உருக்கியிருக்கிறார்கள். அது மணிக்கட்டைக் குத்தும், ஸ்கார்ஃபையும் பிடித்து இழுக்கும்.

அளவு எடுக்கும்போது மணிக்கட்டைச் சுற்றி நூல் வைத்து அளந்து, அதோடு 1.5 செ.மீ. கூட்டுங்கள். அகலம் 3 செ.மீ.யைத் தாண்டினால் 2 செ.மீ. கூட்டலாம். இறுக்கமான பட்டையை மடக்கும்போதெல்லாம் ஓரத்து நூல் இழுபடும், முதலில் அறுவது அதுதான்.

கொக்கி வகைகளில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்க் கொக்கி தட்டைப் பட்டைக்கு அழகு. ஒரு கையால் போட்டுக்கொள்ள காந்தக் கொக்கி வசதி. ஆனால் எம்ஆர்டி ரயில் நெரிசலில் இழுபட்டால் சத்தமின்றித் திறந்துகொள்ளும். இதயமுடுக்கி பொருத்திய பெரியவருக்குப் பரிசளிப்பதாக இருந்தால் காந்தமே வேண்டாம்.

உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள மணிகள் கடையில் கண்ணைப் பறிக்கும். ஈரக்காற்றில் அந்த உட்பூச்சு கறுக்கும், கைப்பட்டையில் இன்னும் வேகமாக. சாயமேற்றிய ஊதா, கடும் இளஞ்சிவப்பு மணிகளுக்கு வெயில் ஆகாது. கண்ணாடியே அந்த நிறமாக இருக்கும் மணிகளும், மங்கல் மேற்பரப்பு கொண்டவையும் இங்கே நீடிக்கும்.

பெரனாக்கான் (மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீன வழியினர் முதலியோர்) மணி வேலை என்று சொல்லி விற்கும் பர்ஸ், செருப்பு பற்றி ஒரு சொல். காசுட் மானிக் என்னும் செருப்பின் முகப்பை, மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, 15/0 அல்லது அதைவிடச் சிறிய பட்டை வெட்டிய மணிகளை ஒவ்வொன்றாகத் தைத்துச் செய்வார்கள். ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் உள்ள பெரனாக்கான் அருங்காட்சியகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகளால் ஆன ஒரு மேசைவிரிப்பு இருக்கிறது. சந்தைக்குப் போகும் முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் கண் தானாகப் பழகிவிடும். வாங்கும் பொருளின் உட்புறத்தில் தையல் நூல் தெரியாவிட்டால் மணிகளைப் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். பசை இந்த வெக்கையில் இளகும்.

மாலை: பாதி மேசைகள் தவறுவது இங்கேதான்

உலோகக் கம்பியில் கோர்த்த மாலைகளில் கம்பிக்குள் எத்தனை இழை என்பது முக்கியம். 7 இழைக் கம்பி மலிவு, ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகாது. 49 இழைக் கம்பி நூல்போல் வளையும். மாலையைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துவிட்டு எடுங்கள். கோணலாக நின்றால் 7 இழையாக இருக்கும்.

கம்பியின் முனையை முடிச்சுப் போட முடியாது, கிரிம்ப் என்னும் சின்ன உலோகக் குழாயை நசுக்கித்தான் பூட்ட வேண்டும். 0.38 மி.மீ. கம்பிக்கு 2 மி.மீ. குழாய். அதற்கென்று உள்ள இடுக்கியால் முதலில் பிறைபோல் அமுக்கி, பிறகு அந்தப் பிறையை மடித்து உருட்ட வேண்டும். சாதாரணத் தட்டை இடுக்கியால் ஒரே நசுக்காக நசுக்கினால் விளிம்பு கத்தியாகி, சில மாதங்களில் கம்பியை அதுவே வெட்டிவிடும். கொக்கி அருகே அறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கிரிம்ப் தகடாக இருந்தால் வாங்காதீர்கள், உருண்டு மடிந்திருந்தால் வாங்கலாம். கம்பி கொக்கி வளையத்தில் தொடும் இடத்தில் குதிரைலாடம் போன்ற சிறு காப்பு இருந்தால் செய்தவருக்கு வேலை தெரியும்.

இன்னொரு சோதனை: மாலையை மேசையில் வட்டமாக வைத்தால் மணிகளுக்கிடையே மொத்தத்தில் ஒன்றிரண்டு மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். நேராக நீட்டிவைத்து இடைவெளியே இல்லாமல் பூட்டியிருந்தால், கழுத்தில் வளையும்போது கம்பிக்கு இடமில்லாமல் விறைக்கும்.

கல் மணி, முத்து மாலைகளுக்குக் கம்பியைவிட, ஒவ்வொரு மணிக்கும் இடையே முடிச்சுப் போட்ட பட்டு நூல் நல்லது. கல்லின் துளை ஓரம் கரடுமுரடானது. முடிச்சு இருந்தால் மணிகள் ஒன்றையொன்று உரசாது, அறுந்தாலும் ஒரே ஒரு மணிதான் விழும்.

கண்ணாடி மணிகளைப் பல சரமாகச் சேர்த்த மாலை கனமாகத் தெரிந்தாலும் கனம் அவ்வளவு இல்லை. 11/0 உருண்டை மணியில் 45 செ.மீ. சரம் ஒன்றுக்கு 3 கிராம்தான். பத்துச் சரம் சேர்ந்தாலும் 30 கிராம். அந்த எடை முழுதும் ஒற்றைக் கொக்கியில் தொங்குகிறதே என்பதுதான் பிரச்சினை, சரங்களின் முனைகளைத் தனித்தனியே பூட்டி ஒரு கூம்புத் தொப்பிக்குள் சேர்த்திருந்தால் நிற்கும்.

எலாஸ்டிக்கில் கோர்த்த கைவளைகளா? குழந்தைகளுக்குப் பரவாயில்லை. வியர்வையும் வெப்பமும் ரப்பரைத் தின்னும். அறுவதற்கென்றே பிறந்த பொருள் என்று நினைத்து அந்த விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

ஸ்கார்ஃபுக்குச் சமையலறைத் தராசு

பட்டு ஸ்கார்ஃபின் தரத்தை மொம்மே என்னும் ஜப்பானிய எடையளவில் சொல்வார்கள் (மாமியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஒரு மொம்மே என்றால் சதுரமீட்டருக்கு 4.34 கிராம். 90 செ.மீ. சதுர ஸ்கார்ஃப் 14 மொம்மே என்றால் எடை சுமார் 49 கிராம், 18 மொம்மே என்றால் 63, 8 மொம்மே என்றால் 28. அட்டையில் 16 மொம்மே என்று போட்டிருந்து வீட்டுத் தராசு 35 கிராம் காட்டினால் சீட்டு பொய் சொல்கிறது. மணி நகையோடு போட 14க்குக் குறையாத, சாய்கோட்டு நெசவு கொண்ட பட்டு வேண்டும். நெருக்கமான அந்த நெசவில் கொக்கி மாட்டாது. 8 மொம்மே ஷிஃபானில் மாட்டினால் இழை இழுபட்டு ஒரு கோடு விழும், அது போகாது.

ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கையால் சுருட்டித் தைத்த ஓரம் புழுப்போல் உருண்டு, தையல்கள் சற்றே சீரின்றி இருக்கும். இயந்திரத் தையல் தட்டை. சுருட்டிய ஓரத்தை இஸ்திரி போட்டு அமுக்கினால் அதற்குக் கொடுத்த காசு வீண்.

அராப் ஸ்ட்ரீட் துணிக்கடைகளில் பாத்தேக் பருத்தியை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மெழுகிட்டுச் சாயமேற்றிய துணியில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் நிறம் இருக்கும், சில இடத்தில் மெழுகு விரிசலின் மெல்லிய கோடுகள் தெரியும். அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும். முடிச்சுப் போடும்போது பின்பக்கம் வெளியே தெரிவதால் ஸ்கார்ஃபுக்கு இந்த வேறுபாடு பெரியது, சட்டைக்கு அவ்வளவு இல்லை. 115 செ.மீ. அகலத் துணியில் 1.2 மீட்டர் வாங்கி, ஓரம் மடித்தால் தாராளமான சதுரம் கிடைக்கும். தேக்கா நிலையத்தின் மாடித் தையற்காரரிடம் நாலு பக்கமும் மெல்லிய மடிப்பாகக் கேளுங்கள். ஓவர்லாக் மட்டும் போட்டுத் தந்தால் நூல் பிசிறு மணியில் சுற்றும்.

நம் பக்கத்துச் சரக்கில் மதுரைச் சுங்குடிக்கு ஈடில்லை. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற துணி. துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்குவதால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் வேறுபடும், புதுத்துணியில் புள்ளி இருக்கும் இடம் தொட்டால் மேடாக இருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சுப்பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் அது அச்சுச் சுங்குடி. துப்பட்டா கிடைக்காவிட்டால் 5.5 மீட்டர் சேலையே வாங்குங்கள். 2.25 மீட்டரில் இரண்டு துப்பட்டாவும், மிச்சத்தில் ஒரு மீட்டர் சதுரமும் வரும். தோழிகள் மூன்று பேர் சேர்ந்து வாங்கச் சரியான கணக்கு, முந்தானைப் பகுதி யாருக்கு என்பதில்தான் சண்டை வரும். முதல் இரண்டு மூன்று சலவை தனியாக. கடையிலேயே ஈர டிஷ்யூவை ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்தினால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

ஜூ சியாட் காம்ப்ளெக்ஸில் தூடோங் என்னும் முஸ்லிம் பெண்களின் தலைத்துணி விற்கும் கடைகளை மற்றவர்கள் எட்டிப்பார்ப்பதில்லை. அது அவர்களுக்குத்தான் நஷ்டம். 'வாயில்' (voile) என்னும் மெல்லிய துணியில் 45 அங்குலச் சதுரங்கள் இத்தனை ஒற்றை நிறங்களில், இவ்வளவு சுத்தமான ஓரத்தோடு வேறெங்கும் பார்ப்பது அரிது. மணி நகைக்குப் பின்னணியாக ஒற்றை நிறத் துணிதான் வேண்டும் என்பதால், ஒரே ஒரு ஸ்கார்ஃப் வாங்குவோருக்கு எங்கள் பரிந்துரை இதுவே.

மோடால் சால்வை மென்மையானது, வழுக்காது, குளிரூட்டிய அலுவலகத்தில் இதமானது. ஆனால் உரசும் இடத்தில் குட்டிக் குட்டியாக உருண்டை கட்டும். மணிக் கைப்பட்டையை அதோடு போட்டால் இரண்டே வாரத்தில் முழங்கைப் பக்கம் தெரிந்துவிடும். பாலியெஸ்டர் ஷிஃபான் மலிவு, வழுக்கும், நூல் இழுபடும், வெயிலில் புழுங்கும். தவிர்க்கலாம்.

இரண்டையும் சேர்ப்பது

துணி மினுங்கினால் மணி மங்கலாக இருக்கட்டும், துணி மங்கலாக இருந்தால் மணி மினுங்கட்டும். பட்டு ஸ்கார்ஃபோடு மங்கல் மணித் தோடு, சுங்குடியோடு பளபளக்கும் மணிச்சரம். இரண்டும் மினுங்கினால் எதுவும் தெரியாது. நிறத்துக்கு, ஸ்கார்ஃபில் மிகக் குறைவாக இருக்கும் நிறத்தைத் தேடி மணியில் அதை எடுங்கள். நீலத்தில் ஓரமாக ஓடும் மஞ்சள் கோடு இருந்தால் தோடு மஞ்சள்.

அலுவலகச் சட்டைக்கும் குர்த்திக்கும்: 90 செ.மீ. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் நீளப்பக்கம் 127 செ.மீ. உச்சியிலிருந்து 5 செ.மீ. பட்டையாக மடித்து வாருங்கள். நடுப்பகுதியைத் தொண்டையில் வைத்து, முனைகளைப் பின்கழுத்தில் மாற்றி, முன்னால் கொண்டுவந்து பக்கவாட்டில் ஒற்றை முடிச்சு. இதற்கு மாலை வேண்டாம், முடிச்சும் மாலையும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். தோடு 4 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 6 செ.மீ. இழைத் தோட்டை ஸ்கார்ஃப் விழுங்கிவிடும், தலையைத் திருப்பும்போதெல்லாம் இழை துணிமடிப்பில் சிக்கும்.

நீண்ட இழைத் தோடுதான் போடுவேன் என்றால் ஸ்கார்ஃபைக் கழுத்திலிருந்து இறக்குங்கள். சால்வையாக ஒரு தோளில் போட்டு இடுப்பில் பெல்ட்டால் பிடிக்கலாம், கைப்பையின் பிடியில் சுற்றலாம், கொண்டையில் கட்டலாம்.

மணியால் பின்னிய ஸ்கார்ஃப் வளையம் இப்போது நிறைய மேசைகளில் தென்படுகிறது. முடிச்சுக்குப் பதில் இரு முனையையும் அதற்குள் நுழைத்தால் போதும். 14 மொம்மே பட்டுக்கு உள்விட்டம் 2 செ.மீ., வாயிலுக்கும் பருத்திக்கும் 3 செ.மீ. வளையத்தின் உட்புறம் துணியோ தோலோ வைத்துத் தைத்திருக்க வேண்டும். வெறும் மணி பட்டைத் தேய்க்கும்.

தூடோங் அணிவோருக்குத் தோடு வெளியே தெரியாது. மணிக் காசைத் தோட்டில் போடாமல் 70, 80 செ.மீ. நீள மாலையில் போட்டு, துணிக்கு மேலாக அணியலாம். மணி புரோச் வாங்கினால் எடையைப் பாருங்கள். 15 கிராம் புரோச் வாயிலை இழுத்துத் தொங்கவிடும். ஊசிக்குப் பதில் காந்த முள் இருந்தால் துணியில் ஓட்டை விழாது.

சேலையில், காஞ்சிபுரம் ஜரிகைக்கும் மணிக் கைப்பட்டைக்கும் ஆகாது. கையை அசைக்கும்போதெல்லாம் ஜரிகை இழுபடும். அங்கே தோடோடு நிறுத்துங்கள். பருத்திச் சேலைக்கு, செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு, 60 செ.மீ. பல சர மாலை அள்ளும். கெபாயா என்னும் மலாய் மேலாடை போட்டால் முன்பக்கத்தில் கெரோசாங் என்னும் ஊசிநகை வரிசை ஏற்கனவே இருக்கிறது, கழுத்தில் மணி எதற்கு? மலாய்ப் பண்பாட்டோடு கலந்த தமிழ் வழியினரான மலாக்கா செட்டிப் பெண்கள் கெபாயா உடுத்தும் விதத்தைப் பழைய படங்களில் பார்த்தாலே அளவு தெரியும். உயர்ந்த கழுத்துப் பட்டி உள்ள சீன உடையான சோங்சாமுக்கும் தோடும் கைப்பட்டையும் போதும்.

பராமரிப்பு

கொசு விரட்டியை முதலில் பூசி, அது காய்ந்த பிறகே நகை. டீட் என்னும் வேதிப்பொருள் உள்ள விரட்டி பிளாஸ்டிக்கையும் ரேயான் துணியையும் கெடுக்கும். 'கண்ணாடி' என்று சொல்லி விற்ற மணி பிசுபிசுத்தால் அது பிளாஸ்டிக். வாசனைத் திரவியத்துக்கும் அதே வரிசை. கழற்றியதும் உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஜிப் பையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தட்டையாக வையுங்கள். தட்டைக் கைப்பட்டையை மடித்து வைக்கக் கூடாது.

ஸ்கார்ஃபைக் குளிர்நீரில், மென்மையான சோப்பில், பிழியாமல் துவைத்துத் துண்டில் சுருட்டி நீர் எடுத்து, வீட்டுக்குள் காயவையுங்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் மாட்டினால் ஒரு பருவத்தில் வெளிறிவிடும்.

பேரம் பேசும் முன்

ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத தயாரிப்பாளர் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யக் கட்டாயமில்லை. ஒற்றை மேசைக்காரர் விலைக்கு மேல் 9 விழுக்காடு கேட்டால் ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். விலையைக் குறைக்கச் சொல்வதைவிட, அந்த மணியிலேயே ஐந்து கிராம் தனியாகத் தரச் சொல்லுங்கள். மணிகள் தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறும், இரண்டு வருடம் கழித்து அதே நிறம் கிடைக்காது. அறுந்தால் மீண்டும் கோர்த்துத் தருவாரா, எவ்வளவு வாங்குவார் என்பதையும் அப்போதே கேட்டு, ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.